கைக்குக் கை கொடுக்காதவர்

என்னிடம் முப்பத்தாறு டைரிகள் இருக்கின்றன. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாள் விடாமல் எழுதியவை. காய்ச்சலில் படுத்துக் கிடந்த நாள்களில்கூட ‘காய்ச்சல்’ என்று ஒரு சொல்லாவது இருக்கும். அவற்றில் ஒரே ஒரு தாள் மட்டும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இல்லாமல் இருந்தது. தையல் பிரியாமல், பிளேடு வைத்து, நானே அறுத்தெடுத்துக் கொடுத்த தாள் அது. வாங்கிக்கொண்டவர் ஒரு பெண். அடுத்தவர் பொருளை ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்க மாட்டார் என்று ஊரே சொன்னது. என் தாளை மட்டும் அவர் திருப்பித் தரவில்லை. ஏன் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன்.

பாலக்கோட்டுக்கு மேற்கே மலையடிவாரத்தில் உள்ள ஊர் அது. அங்கே தபால் ஆபீசில் நான்கு ஆண்டுகள் இருந்தேன். ஆபீஸ் என்றால் ஓர் அறை, ஒரு மேசை, ஒரு தராசு. எதிரே மாவு மில். மில் ஓடும்போது என் மேசையில் இருக்கும் ரப்பர் ஸ்டாம்புகள் தாமாக நடுங்கும். தக்காளி ஏற்றிய டிராக்டர் சந்தைக்குப் போகும்போதும் நடுங்கும். ஆனால் அது வேறு மாதிரி. கண்ணை மூடிக்கொண்டே எது என்று சொல்லிவிடுவேன்.

மில்லை நடத்தியவர் அவர்தான். அப்போது அவருக்கு முப்பத்தேழு வயது இருக்கும், எனக்கு முப்பது. நல்ல உயரம். புருவத்தில் எப்போதும் கேழ்வரகு மாவு படிந்திருக்கும். ஊரில் எல்லாருக்கும் அவர் மில்லுக்காரக்கா. பெயரை நான் எழுதப்போவதில்லை. நான் டைரி எழுதுவது தெரிந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தையே அதுதான்: “உங்க நோட்டுல என் பேரு வேணாங்க சார். பேரு என்னுது. அது என் கிட்டயே இருக்கட்டும்.”

மாவு மில்லில் ஒரு வழக்கம் உண்டு. அரைத்து முடித்த பிறகு இயந்திரத்தின் வாயில் கட்டியிருக்கும் துணிக் குழாயில் ஒரு பிடி, இரண்டு பிடி மாவு ஒட்டிக்கொண்டு நிற்கும். அது மில்லுக்காரருக்குத்தான். யாரும் கேட்பதில்லை. மாலையில் தட்டி எடுத்தால் மாட்டுக்கு ஆகும். இவர் மட்டும் ஒவ்வொருவருக்கும் அரைத்து முடித்ததும் இயந்திரத்தை நிறுத்துவார். துணியை மேலிருந்து கீழாக நீவுவார். பிறகு ஒரு மூங்கில் குச்சியால் தட்டித் தட்டிக் கடைசித் தூசி வரைக்கும் அவரவர் பாத்திரத்தில் விழவைப்பார். வரிசையில் நிற்கும் பெண்கள் பல்லைக் கடிப்பார்கள்.

“உடுக்கா, அது ஒரு புடி. எனக்கு பஸ்ஸு போயிடும்.”

“ஒரு புடின்னாலும் உன் புடிடீ. என் மில்லுல கெடந்தா எனக்குத் தூக்கம் வராது.”

தரையில் சிந்தியதைப் பெருக்கி வாசலுக்கு வெளியே ஓர் ஓரமாகக் கொட்டுவார். அது யாருடையது என்று ஒருநாள் வேடிக்கையாகக் கேட்டேன்.

“எறும்போடதுங்க சார்” என்றார், திரும்பிப் பார்க்காமலே.

இது சிக்கனமா, பக்தியா, வீம்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணோடு அவருக்கு ஏதோ வாய்க்கால் தகராறு. மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் அந்த வீட்டுக் கோழிக்கு இதெல்லாம் தெரியாது. தினமும் மில்லுக்கு வந்து காலிச் சாக்குகளுக்கு நடுவில் முட்டையிட்டுவிட்டுப் போகும். இவர் அந்த முட்டையை எடுத்துக்கொண்டுபோய் அந்த வீட்டு மதில்மேல் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் ஆகாயத்தைப் பார்த்து, “கோழி வந்துட்டுப் போச்சு!” என்று சத்தம் போடுவார். உள்ளேயிருந்து பதில் வரும்: “முட்டையக் குடுக்கறவளுக்குச் சண்டைய உடத் தெரியல பாரு!”

நான் அதைச் சொல்லிக் காட்டினேன். “முட்டை அவளுதுங்க சார், குடுத்துட்டன். சண்டை ரெண்டு பேருதும். நான் மட்டும் எப்பிடிக் குடுக்கறது?”

என் பேனாவின் கதை டைரியில் இருக்கிறது. மணியார்டர் பாரம் நிரப்ப என் பேனாவை வாங்கிப் போனார். அரை மணியில் பேனா வந்துவிட்டது, மூடி இல்லை. எனக்கு அது நினைவே இல்லை. அன்று நல்ல மழை. ஆபீசைப் பூட்டிவிட்டு ஒரு கிலோமீட்டர் தள்ளியிருந்த என் அறைக்கு நடந்து போய்விட்டேன். ‘மாலை 6.20. மழை. மூடி வந்து சேர்ந்தது’ என்று எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே, ‘இந்த அம்மாளுக்கு என்ன?’ என்று ஒரு வரி. என் டைரிகளில் கேள்விக்குறி அபூர்வம்.

எல்லாவற்றிலும் பெரிய கதையை டீக்கடைக்காரர் சொன்னார். எங்கள் ஆபீசுக்குப் பக்கத்துக் கடை. எதையும் சற்று வளர்த்திச் சொல்பவர் என்பதால் பாதியைத்தான் நம்புவேன். இதை நான் பிறகு விசாரித்தேன், முழுக்க உண்மை.

“அவ புருசனையே திருப்பிக் குடுத்தவ சார்! ஆறு மாசம் குடும்பம் நடத்துனா. ஒத்துவரல. அடிதடி எதுவுமில்ல. ஒரு நாள் காலையில அவனைக் கூட்டிகிட்டு மாமியா வூட்டுக்குப் போயி, வாசல்ல நிறுத்தி, ‘உங்க பையனுங்க, பாத்துக்குங்க’ன்னுட்டு வந்துட்டா. தாலியையும் சேலையையும் மடிச்சித் தட்டுல வெச்சி!”

அவன் என்ன செய்தான் என்று கேட்டேன்.

“என்னா செய்வான்? அவங்கம்மா கையால சாப்புட்டு நல்லாத்தான் இருக்கறான்.”

இன்னொன்றையும் கவனித்தேன். எங்கள் பக்கத்தில் உப்பையும் ஊசியையும் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள். சண்டை வரும் என்பார்கள். கீழே வைத்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இவர் எதையுமே கைக்குக் கை வாங்கமாட்டார், கொடுக்கவும் மாட்டார். சில்லறை, பாத்திரம், கடிதம் எதுவானாலும் “கீழ வைங்க, எடுத்துக்கறன்” என்பார். புதிதாக வருபவர்கள் சிலர் இதைத் தப்பாக எடுத்துக்கொண்டு முறைத்ததும் உண்டு. ஆனால் அவர் ஆள் பார்த்துச் செய்யவில்லை. கோயில் பூசாரி விபூதி கொடுத்தாலும் இலையில் வைக்கச் சொல்லி வாங்குவார். பச்சைக் குழந்தையை நீட்டினால்கூடப் பாயில் விடச் சொல்லித்தான் தூக்குவார்.

மில்லில் ஒவ்வொரு பாத்திரத்தின் மேலும் யாருடையது என்று சாக்பீஸில் எழுதியிருக்கும். சுவிட்ச் பலகைக்கு மேலே ஒரு பலகைத் தட்டு. அதில் துருப்பிடித்த ஒரு பிஸ்கெட் டப்பா. அதன் மேல் மட்டும் எதுவும் எழுதியிருக்காது.

“அது யாருதுக்கா?”

“தெரியலைங்க சார்” என்று சொல்லிவிட்டு மோட்டார் சுவிட்சைப் போட்டார். அதற்கு மேல் எதுவும் கேட்காது. மில் ஓடிக்கொண்டிருந்தால் பேச முடியாது. எதையாவது பேச வேண்டுமென்றால் கரண்ட் போக வேண்டும்.

இரண்டாம் வருடக் கடைசியில் ஒரு கடிதம் வந்தது. மேலே ஆங்கிலத்தில் ‘போஸ்ட்மாஸ்டர்’ என்றும் ஊர்ப் பெயரும் மட்டும். கர்நாடகத்தில் ஒரு சிறு ஊரிலிருந்து பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருந்தார். பாகிஸ்தான் சண்டை நடந்த சமயத்தில் விமானப் பயிற்சியில் இருந்த என் தம்பி, உங்கள் ஊருக்கு மேலே உள்ள மலையில் பயிற்சி விமானம் விழுந்து இறந்துபோனான். கற்றுக்கொடுத்த அதிகாரியும் கூடவே இறந்தார். நொடியில் உயிர் போய்விட்டது என்று எங்களுக்கு எழுதினார்கள். தம்பியின் பெட்டி வந்தது. அதில் எல்லாம் இருந்தன. விமானமோட்டும் கையுறையில் வலது கை மட்டும் இருந்தது. எங்கள் அம்மா இருபத்தைந்து வருடம் அந்த ஒற்றை உறையை வெயிலில் காயவைத்து எடுத்து வைத்தார். சென்ற மாதம் அம்மா காலமானார். அந்த இடத்தை ஒருமுறை பார்க்க விரும்புகிறேன். அன்றைக்கு நேரில் பார்த்தவர் யாராவது உண்டா?

இவ்வளவுதான் கடிதம். ஆசிரியைக்குரிய அழகான கையெழுத்து. அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லை.

முதலில் டீக்கடைக்காரரிடம் கேட்டேன். “ஓ, பாகிஸ்தான் பிளேனா!” என்றார்.

“பாகிஸ்தான் பிளேன் இல்லைங்க. நம்ம பயிற்சி விமானம்.”

“அது அப்புறமா தெரிஞ்சது சார். அன்னிக்கி எங்களுக்கு அது பாகிஸ்தான் பிளேனுதான். ரேடியோவுல காலையில சண்டை, சாயங்காலம் சண்டை. மேல பொகை வந்ததும் எங்கப்பா அருவாளை எடுத்துகிட்டு ஓடியாந்து இந்த வேப்பமரத்தடியில நின்னாரு. ஊரே நின்னுது. மேல போனா சுட்டுடுவான், மணியக்காரரு வரட்டும்னு. நான் அப்ப சின்னப் பையன். எங்கம்மா என்னை நெல்லுக் குதிருக்குள்ள எறக்கி மூடி வெச்சிட்டாங்க!” சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “பாவம், நம்ம புள்ளைங்க” என்றார்.

மில்லுக்குப் போனேன். யாருடைய சாமையோ ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்துக்கு மேலே கத்தி விஷயத்தைச் சொன்னேன். ஒற்றை உறை என்று நான் சொன்னதும், அரைத்துக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்தினார். நான் அங்கே இருந்த நான்கு வருடத்தில் அப்படி அவர் நிறுத்தியது அந்த ஒருமுறைதான். சுவிட்சின் மேல் கையை வைத்தபடி நின்றார். பிறகு மறுபடி போட்டார்.

மறுநாள் பதினொன்றரைக்குக் கரண்ட் போனது. எதிர்ப்புறத்திலிருந்து “சார்” என்று கூப்பிட்டார். போனேன். டப்பா கீழே இறங்கியிருந்தது. அவரே திறந்தார். பழைய பாவாடைத் துணி. அதற்குள் தோலில் செய்த ஓர் உறை. இடது கை. விரல்கள் லேசாக மடங்கி, இன்னும் யாரோ போட்டிருப்பதுபோல் இருந்தது.

“பன்னண்டு வயசுங்க சார். எலந்தப்பழம் பொறுக்க மேல போயிருந்தன். தலைக்கு மேலயே போயி அந்தாண்டக் கரட்டு மேட்டுல இடிச்சிது. நான் ஓடலை. கிட்டப் போயிப் பாத்தன். ஒருத்தரு உள்ளயே முடிஞ்சிட்டாரு. இன்னொருத்தரு வெளிய, பாறையில சாஞ்ச மாதிரி. மீசைகூட ஒழுங்கா மொளைக்கல. கண்ணைத் தொறந்து என்னைப் பாத்தாரு. கையை நீட்டுனாரு. நான் புடிச்சன். ‘ஹோகபேட’ன்னாரு.”

நான் அரூர்ப் பக்கத்துக்காரன். எனக்குக் கன்னடம் தெரியாது. அது முகத்தில் தெரிந்திருக்கும்.

“போகாதேன்னு அர்த்தம். எங்கம்மா பொறந்த வூடு கன்னடம். எங்க வூட்டுலயும் அதான் பேச்சு. வேற பாசையா இருந்திருந்தா, புரியலன்னு மனசத் தேத்திக்கலாம். எனக்குப் புரிஞ்சுதுங்க சார்.”

பாவாடைத் துணியின் ஓரத்தை விரலால் நீவினார்.

“நின்னன். எவ்ளோ நேரம்னு தெரியல. பெட்ரோலு நாத்தம். ஒரே பொகை. பயம் வந்துருச்சு. கையை இழுத்தன். அவரு உடலை. இன்னும் பலமா இழுத்தன். உறை மட்டும் கழண்டு என் கையோட வந்துருச்சு. ஓடியாந்துட்டன்.”

“சின்னப் பொண்ணு. வேற என்ன செய்வீங்க?”

“அது இல்லைங்க சார்.” முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். “கீழ வந்தா வேப்பமரத்தடியில ஊரே நிக்குது. எங்கப்பாவும் நிக்கறாரு, அருவாளோட. பாகிஸ்தான்காரன், பாகிஸ்தான்காரன்னு பேச்சு. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். அவரு நம்ம பேச்சு பேசறாருன்னு. உசுரோட இருக்கறாருன்னு. சொல்லல. அவனை ஏன்டி தொட்டேன்னு அடிப்பாங்கன்னு பயம். உறையைப் பாவாடைக்குள்ள வெச்சிகிட்டு நின்னுட்டன். மணியக்காரரு வந்து எல்லாரும் மேல போவ ஒன்னரை மணி நேரம் ஆச்சு. அப்ப மூச்சு இல்லை.”

உடனே போயிருந்தால் அவன் பிழைத்திருப்பானா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது. டைரியில் அப்படித்தான் எழுதினேன்: ‘தெரியாது.’

நான் ஒரு யோசனை சொன்னேன். அந்த அம்மாள் வரட்டும். உறையைக் கொடுத்துவிடுங்கள். மலையில் கிடந்தது, எடுத்தேன் என்று சொல்லுங்கள். மற்றது வேண்டாம். நொடியில் போனான் என்று நினைத்துத்தான் இருபத்தைந்து வருடம் இருந்திருக்கிறார்கள். அந்த ஆறுதலை எதற்குக் கெடுப்பது?

“பொய் சொல்லச் சொல்றீங்களா?”

“பொய் இல்லக்கா. சொல்லாம விடறது.”

“அதைத்தான் இத்தினி வருசமா செஞ்சிகிட்டிருக்கறன்.” உறையைத் துணியில் சுற்றினார். “உங்க ஆபீசுக்கு ஒரு லெட்டர் வருதுங்க சார். கெட்ட சேதி. படிச்சா அழுவாங்கன்னு கிழிச்சிப் போட்டுடுவீங்களா?”

நான் எதிரே என் ஆபீஸ் கதவைப் பார்த்தேன்.

“அவரு பேசுன கடைசிப் பேச்சு. அது அவங்க வூட்டுது. என் கிட்ட ஏன் கெடக்கணும்? அடிச்சாங்கன்னா அடிக்கட்டும்.”

கரண்ட் வந்தது. அவர் டப்பாவை மேலே வைத்துவிட்டு, பாதியில் நின்ற யாருடைய கேழ்வரகையோ அரைக்கப் போய்விட்டார்.

ஆசிரியைக்குப் பதில் எழுதினேன். ‘பார்த்தவர் ஒருவர் இருக்கிறார்’ என்று மட்டும். அவர் ஒரு சனிக்கிழமை பதினொன்று இருபது பஸ்ஸில் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, தோளில் ஒரு துணிப்பை, கையில் குடை. முதலில் டீக்கடைக்காரர் அவரைக் கரட்டின் அடிவரை அழைத்துப் போய்க் கைகாட்டினார். நானும் கூடப் போனேன். அங்கே இப்போது எதுவும் இல்லை. இலந்தை முள்ளும் பாறையும்தான். டீக்கடைக்காரர் தனக்குத் தெரிந்த கன்னடத்திலும் பிறகு எனக்காகத் தமிழிலும் சொன்னார்: “அந்த நிமிசமேங்கம்மா. ஒரு பொட்டு வலிகூட இருந்திருக்காது.” நல்ல மனிதர். குதிருக்குள் இருந்தவர் இதை எப்படிப் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை.

மில்லுக்கு வந்தபோது ஒன்று ஐந்து. கரண்ட் இருந்தது, ஆனால் மெயின் சுவிட்ச் இறக்கியிருந்தது. வாசலில் வரிசை இல்லை. எல்லாரையும் நான்கு மணிக்கு மேல் வரச் சொல்லியிருந்தார். தலைக்குக் குளித்திருந்தார். புருவத்தில் மாவு இல்லாமல் அவரை அன்றுதான் பார்த்தேன். வேறு யாரோபோல் இருந்தார்.

நான் வெளியே படியில் உட்கார்ந்தேன். உள்ளே கன்னடத்தில் பேசினார்கள். பேசினார் என்றுதான் சொல்ல வேண்டும்; அந்த அம்மாள் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருமுறை ‘ஹோகபேட’ என்ற சொல் வந்தது. எனக்குத் தெரிந்த ஒரே சொல். அங்கே பேச்சு நின்றது. எட்டிப் பார்த்தேன். மில்லுக்காரக்கா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அழவில்லை. பேச்சு மறுபடி தொடங்கியது. வேப்பமரத்தின் பக்கம் அவர் கை காட்டினார். அரிவாளை ஓங்குவதுபோல் காட்டினார். பாவாடைக்குள் எதையோ மறைப்பதுபோல் காட்டினார். எதையும் விடவில்லை என்பது அதிலேயே தெரிந்தது. மூங்கில் குச்சியால் கடைசித் தூசி வரைக்கும் தட்டிக் கொடுத்துவிட்டார்.

ஒன்று நாற்பதுக்கு அந்த அம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “யாவ கை?” எந்தக் கை என்று எனக்கே புரிந்தது. மில்லுக்காரக்கா தன் வலது கையைத் திருப்பிக் காட்டினார். அந்த அம்மாள் அதைப் பார்த்தார். தொடவில்லை.

பிறகு டப்பா இறங்கியது. வழக்கம்போல அவர் உறையைப் பலகைமேல் வைத்தார். அந்த அம்மாள் அதை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். நன்றி என்றோ, பரவாயில்லை என்றோ, நீ இப்படிச் செய்யலாமா என்றோ ஒரு வார்த்தை இல்லை. இருவரும் முன்னும் பின்னுமாகப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். இரண்டு மணிக்கு ஆபீசைத் திறக்க வேண்டும் என்பதால் ஒன்று ஐம்பத்தைந்துக்கு நான் திரும்பிவிட்டேன். இரண்டு பத்துக்குப் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அன்றைய பக்கத்தை இப்படி முடித்தேன்: ‘அந்த அம்மாள் எதுவும் சொல்லவில்லை. 2.10 பஸ்ஸில் ஏறிப் போனார்.’

திங்கட்கிழமை மில்லுக்காரக்கா ஆபீசுக்கு வந்தார். “அன்னிக்கி என்னாங்க சார் எழுதினீங்க?”

படித்துக் காட்டினேன். பெயர் இல்லை, மில்லுக்காரக்கா என்றுதான் இருக்கிறது என்பதையும் காட்டினேன். குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசி வரி வந்ததும், “அந்தத் தாளைக் குடுங்க. ஒரு வரி தப்பா இருக்குது. திருத்திட்டுத் தரன்” என்றார்.

“எது தப்பு? சொல்லுங்க, நானே திருத்தறேன்.”

“நீங்க அங்க இல்லீங்களே.”

எனக்குச் சுருக்கென்றது. என் தொழிலும் பழக்கமும் சரியாக எழுதுவது. நான் பார்க்காத பதினைந்து நிமிடத்தைப் பார்த்ததுபோல் எழுதியிருக்கிறேன். பிளேடை எடுத்துத் தாளை அறுத்தேன். மறுபக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை, அதுவும் போகட்டும், அதில் ‘விடுமுறை’ என்ற ஒரு சொல்தான் இருந்தது. அவர் வழக்கம் தெரியும் என்பதால் தாளை மேசைமேல் வைக்கப் போனேன்.

அவர் கையை நீட்டினார். நான் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார்.

அதன் பிறகு மூன்றுமுறை கேட்டிருக்கிறேன்; மூன்றும் டைரியில் இருக்கின்றன. ‘இன்னும் திருத்தி முடியலைங்க சார்’ என்பதுதான் மூன்றுக்கும் பதில். ஒரு வரி திருத்த எத்தனை மாதம் ஆகும்? ஐந்தாம் வகுப்புப் படித்தவர்; நன்றாகவே எழுதுவார். அந்த நாள்களில் அவரிடம் வேறு மாற்றம் எதையும் காணவில்லை. முட்டை மதில்மேல் போயிற்று. குச்சி தட்டும் சத்தம் கேட்டது. டப்பா அதே தட்டில் அதே இடத்தில் இருந்தது. வருடத்துக்கு இரண்டு கடிதம் கர்நாடகத்திலிருந்து அவருக்கு வர ஆரம்பித்தன. கன்னடத்தில் முகவரி, கீழே ஆங்கிலத்தில். நான் அவற்றை மேசைமேல் வைக்காமல் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்கு எளிதாக இருக்கவில்லை. பிறகு மாற்றலாகிப் போனேன். விடைபெற்ற அன்று தருமபுரியில் என் வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டு, நான்காம் முறையாகத் தாளைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். “உங்களுதுதாங்க சார். எங்க போயிடும்?” என்றார்.

போன வருடம், தருமபுரியில் என் வீட்டு முகவரிக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. ஒப்புகை அட்டையோடு. அனுப்பியவர் முகவரியில் பெயர் இல்லை. ‘மாவு மில்’ என்று எழுதி ஊர்ப் பெயர். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு: ‘அந்தம்மா போயிட்டாங்கன்னு அவங்க மக லெட்டர் போட்டாங்க. அவங்க சொன்னது அவங்களோடது. அவங்க இருக்கறப்ப உங்க நோட்டுல இருக்கறது சரியில்லன்னு வெச்சிருந்தன். உங்க தாள் இதோட இருக்குது. வந்து சேந்துதுன்னு கையெழுத்துப் போட்டு அனுப்புங்க.’

தாள் மஞ்சளாகியிருந்தது. லேசாகத் துரு வாசனை. ஓரத்தில் என் பிளேடு போன கோடு அப்படியே நேராக இருந்தது. ஒப்புகை அட்டையில் கையெழுத்திட்டு, காலை 10.40 என்று நேரமும் எழுதி, தபால்காரரை நிற்க வைத்தே கொடுத்தனுப்பினேன். பிறகுதான் படித்தேன்.

‘எதுவும் சொல்லவில்லை’ என்ற என் சொற்களின் மேல் பென்சிலால் ஒரே ஒரு கோடு. அதற்குக் கீழே, ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் வரைக்கும் போய், சாக்பீஸில் பாத்திரங்களுக்குப் பெயர் எழுதும் அதே பெரிய எழுத்தில்:

‘பஸ்ஸில ஏறி உக்காந்து ஜன்னல் வழியா கையை நீட்டினாங்க. நான் குடுத்தேன். அவன் சின்னதுல இருந்தே அப்படித்தான், நான் ஸ்கூலுக்குக் கிளம்பினா ஹோகபேடன்னு பாவாடையப் புடிச்சிக்குவான், நான் ஒரு நாளும் நின்னதில்லன்னு சொன்னாங்க. பஸ்ஸு எடுக்கற வரைக்கும் அவங்க கையை விடல. நானும் இழுக்கல.’